வரலாறு ஒன்று, தேர்வுகள் இரண்டு



ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாள் நம் நாளிகைகளில் மலர்ந்த முகங்கள் நிறைந்திருக்கும். ஒன்பது 'ஏ', பத்து 'ஏ' பெற்ற பிள்ளைகளின் படங்களைப் பார்க்கையில் ஆசிரியர் உள்ளம் பூரிப்பது இயல்பே. அதே நாளில் முடிவுத்தாளை வாங்கி மடித்துக்கொண்டு ஓசையின்றி வெளியேறும் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுள் சிலர் கணிதத்தில் தேறியிருப்பர், அறிவியலில் தேறியிருப்பர், தமிழில் நன்றாகவே செய்திருப்பர். ஆயினும் சான்றிதழ் கிடையாது. காரணம், வரலாற்றில் 'ஜி'.

இந்நிலை 2013-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்னர் சான்றிதழுக்குரிய கட்டாயத் தேர்ச்சிப் பாடம் மலாய்மொழி ஒன்றுதான். 2010 அக்டோபரில், அன்றைய துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான முகிதீன் யாசின் (நம் ஜொகூர்க்காரர்தாம்) வரலாறும் அவ்வாறே ஆகும் என்று அறிவித்தார். 2013-இல் அது நடப்புக்கு வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை இவ்விரண்டில் எது தவறினாலும் மற்றப் பாடங்களில் பெற்ற புள்ளிகள் சான்றிதழாக மாறுவதில்லை. மறுதேர்வு எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விட்ட பின்னர், தனியே அமர்ந்து அதே பாடநூலைப் புரட்டும் பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

'தேறினால் போதும், வரலாற்றில் 'ஏ' எடுத்து என்ன செய்வது?' என்று கேட்கும் பெற்றோரும் உள்ளனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க, வரலாற்றில் குறைந்தது கிரெடிட் நிலையாவது பெற்றிருக்க வேண்டும். நாளைய தமிழாசிரியர்களே வரலாற்றுத் தாளின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும் என்னும்போது, இதை ஓர் ஓரப் பாடமாக நாம் எப்படிக் கருதுவது?

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இப்போது நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒரு வரலாற்றுத் தேர்வோடு நிற்பதில்லை. இரண்டு எழுதுகின்றனர். ஜொகூர் பாருவைச் சுற்றிப் பன்னாட்டுப் பள்ளிகள் பெருகிய பிறகு, வசதியுள்ள தமிழ்க் குடும்பங்களும், வசதியில்லாமலே வயிற்றைக் கட்டிப் பணம் கட்டும் குடும்பங்களும், பிள்ளைகளை அங்கே சேர்க்கின்றன. அங்கே ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு. தனியார் கல்லூரிகள் அதனை ஏற்றுக்கொள்கின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகம், மெட்ரிகுலேசன், அரசாங்க வேலை என்று எண்ணம் வரும்போது எஸ்.பி.எம். வேண்டியதாகிறது. எனவே தனியார் தேர்வராகப் பதிந்துகொண்டு அதையும் எழுதுகின்றனர். சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளில் 1975 முதல் நடந்துவரும் யு.இ.சி. தேர்வை எழுதுவோரிலும் பலர் எஸ்.பி.எம். தேர்வையும் சேர்த்தே எழுதுகின்றனர். ஆறாம் படிவத்துக்குப் போகிறவர்களுக்கு எஸ்.டி.பி.எம். வரலாறு பின்னால் காத்திருக்கிறது. அஃது ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் மூச்சுவிட நேரமாவது உண்டு. ஒரே ஆண்டில் இரண்டு என்பதுதான் பிள்ளைகளைத் திணறடிக்கிறது.

என்னிடம் படித்துச் சென்ற மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் கேட்டார்: "ஐயா, இரண்டும் வரலாறுதானே? ஒன்றைப் படித்தால் மற்றொன்றும் வந்துவிடாதா?"

வராது என்பதே என் மறுமொழி. அதே வேளையில், இரண்டையும் இரு வேறு பாடங்களாக எண்ணி இரு தனிப்பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதும் வீண் என்பேன். படிப்பது ஒன்றாகவும் எழுதிப் பழகுவது இரண்டாகவும் இருக்க வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

எஸ்.பி.எம். வரலாறு நான்காம், ஐந்தாம் படிவப் பாடநூல்களைத் தழுவியது. படிவத்துக்குப் பத்து அலகுகள். நான்காம் படிவத்தில் நாட்டுணர்வின் எழுச்சி, உலகப் போர், ஜப்பானியர் ஆட்சி, மலாயா ஒன்றியம், 1948 கூட்டரசு, அவசரகாலம், தேர்தல், அரசியலமைப்பு, விடுதலை எனத் தொடர்ந்து செல்லும். ஐந்தாம் படிவத்தில் இறையாண்மை, மலேசிய உருவாக்கம், பொருளாதாரம், வெளியுறவு முதலியவை. முதல் தாளில் ஒரு மணி நேரத்தில் 40 புறவயக் கேள்விகள். இரண்டாம் தாளில் இரண்டரை மணி நேரத்தில் அமைப்புக் கேள்விகளும் கட்டுரைகளும். 2013-இல் சேர்க்கப்பட்ட மூன்றாம் தாள் 2021-ஆம் ஆண்டின் புதிய அமைப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அண்ணன் அக்காளிடம் பழைய குறிப்பேடு வாங்கிப் படிப்போர் இதைக் கவனத்தில் கொள்க.

ஐ.ஜி.சி.எஸ்.இ. வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டைத் தெரிவு செய்யும் பிள்ளைக்கு 1919 வெர்சாய் உடன்படிக்கை, நாடுகளின் சங்கம், இட்லரின் எழுச்சி, பனிப்போர் என்று உலகமே களம். மலாயா அங்கே கண்ணில் படுவது அரிது. மேலும் ஒரு தாள் முழுவதும் சான்றுகளை ஆராய்வது. ஒரு கேலிச்சித்திரம், ஒரு சொற்பொழிவுப் பகுதி, ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து, 'இதை நம்பலாமா? ஏன்?' என்று கேட்பார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. அதனால்தான் பிள்ளைகள் இரு குறிப்பேடுகள் வைத்துக்கொண்டு, திங்களன்று ஒன்றும் செவ்வாயன்று மற்றொன்றுமாக மனப்பாடம் செய்கின்றனர். ஒரே போரை இருமுறை படிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை!

ஜப்பானியர் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வாணிகம் சுருங்கியது. ஏற்றுமதியை நம்பியிருந்த ஜப்பான் தடுமாறியது. படைத்துறையினரின் கை ஓங்கியது. 1931-இல் மஞ்சூரியாவைப் பிடித்தனர். நாடுகளின் சங்கத்தால் தடுக்க முடியவில்லை. இவ்வளவும் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடம். அதே பொருளாதார வீழ்ச்சியால் மலாயாவில் ரப்பர் விலை விழுந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இஃது எந்தத் தேர்விலும் பெரிதாக வராது. ஆனால் நம் குடும்பங்களின் கதையில் உண்டு. பின்னர் 1937-இல் சீனாவின்மீது முழுப்போர். 1941-இன் நடுப்பகுதியில் அமெரிக்கா எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது. எண்ணெயும் ரப்பரும் ஈயமும் வேண்டிய ஜப்பான் தெற்கே திரும்பியது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் அதன் படை இறங்கியது. இங்கிருந்து எஸ்.பி.எம். பாடம்.

தொடர்ந்து பாருங்கள். 1942 சனவரியில் போர் நம் மாநிலத்துக்குள் வந்துவிட்டது. மூவாரிலும் பக்ரியிலும் கடும் சண்டை. பாரிட் சூலோங்கில் காயமுற்றுச் சரணடைந்த ஆஸ்திரேலிய, இந்தியப் படைவீரர்கள் கொல்லப்பட்டனர். சனவரி 31-ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் துண்டித்தது. யாமாசித்தா ஜொகூர் பாருவின் புக்கிட் செரேன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து சிங்கப்பூரைப் பார்த்தபடியே தாக்குதலை நடத்தினார். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நம் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் இடங்கள் இவை.

இப்படிக் காரணமும் விளைவுமாக ஒரே கோட்டில் படித்த பிள்ளைக்கு, 'ஜப்பானியர் மலாயாவை விரைவில் கைப்பற்றியதற்கான காரணங்களை விளக்குக' என்பது போன்ற எஸ்.பி.எம். கேள்வியும், 'மஞ்சூரியச் சிக்கலே நாடுகளின் சங்கத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் என்பதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறாய்?' என்பது போன்ற ஐ.ஜி.சி.எஸ்.இ. கேள்வியும் ஒரே மரத்தின் இரு கிளைகளாகத் தெரியும். அவசரகாலமும் அவ்வாறே. 1948-இல் மலாயாவில் தொடங்கிய கம்யூனிஸ்டுப் போராட்டத்தையும் 1950-இல் கொரியாவில் மூண்ட போரையும் தனித்தனியே படிப்பது எதற்கு? கொரியப் போரினால் ரப்பர், ஈய விலை உயர்ந்தது. அந்த வருவாய் மலாயா அரசாங்கத்துக்கு அவசரகாலச் செலவைத் தாங்க உதவியது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்ட மாணவன் இரண்டு தேர்வுக்கும் உரிய செய்தியைப் பிடித்துவிட்டான்.

எனவே என் பரிந்துரை எளிது. ஒரு பெரிய தாளில் 1900 முதல் 1970 வரை ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உலகம், கீழே மலாயா. இரண்டு பாடநூல்களிலிருந்தும் நிகழ்ச்சிகளை அதிலே குறித்து வருக. ஒருமுறை செய்தால் போதும். ஆண்டு முழுவதும் அதுவே துணை.

எழுதிப் பழகுவதை மட்டும் கலக்கவே கூடாது. எஸ்.பி.எம். கட்டுரையில் கருத்தைச் சொல்லி, அதன் விளக்கத்தைச் சொல்லி, சான்று காட்டி அடுத்த கருத்துக்குப் போக வேண்டும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் இக்காலத்துக்கும் தனக்கும் பொருத்திச் சொல்ல வேண்டும். ஐ.ஜி.சி.எஸ்.இ. கட்டுரையில் இரு பக்கத்தையும் எடைபோட்டு, தன் தீர்ப்பைச் சொல்லி, அதற்குக் காரணமும் காட்ட வேண்டும். அங்கே பழகிய கை இங்கே வந்து, "ஒருபுறம் பார்த்தால்... மறுபுறம் பார்த்தால்..." என்று பக்கம் நிரப்பினால் கருத்துகள் போதாமல் போகும். இங்கே பழகிய கை அங்கே போய்ப் பத்துக் கருத்துகளை அடுக்கினால் தீர்ப்பு இல்லாமல் போகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஒரு தேர்வின் விடை, வேறொரு நாள் மற்றதன் விடை. ஒரே நாளில் இரண்டும் வேண்டா.

காலத்தையும் கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜ் தேர்வை மே-சூன் பருவத்திலும் அக்டோபர்-நவம்பர் பருவத்திலும் எழுதலாம். எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு ஆண்டிறுதியை ஒட்டி வருகின்ற ஆண்டில், அக்டோபர்-நவம்பர் பருவத்தைத் தெரிவு செய்வது பிள்ளையை இரு எருமைகளுக்கு நடுவில் நிறுத்துவதாகும். மே-சூன் பருவத்தில் ஒன்றை முடித்துவிட்டால் மற்றதற்கு நான்கைந்து மாதம் முழுதாகக் கிடைக்கும்.

இதைவிட முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. எஸ்.பி.எம். வரலாறு கட்டாயம். ஐ.ஜி.சி.எஸ்.இ. வரலாறு கட்டாயமில்லை. புவியியலோ வணிகவியலோ எடுக்கலாம். 'ஏற்கெனவே வரலாறு படிக்கிறாய், அதையே அங்கும் எடு, சுமை குறையும்' என்று பெற்றோர் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. சுமை குறையாது. பிள்ளைக்கு உள்ளபடியே வரலாற்றில் நாட்டம் இருந்தால், நாளை சட்டமோ இதழியலோ படிக்க எண்ணினால், இரண்டையும் எழுதட்டும். அவனுக்கு அது விருந்து. நாட்டமில்லாத பிள்ளையின் தலையில் இரண்டாவது வரலாற்றை ஏற்றிவைத்து, கட்டாயமான முதலாவதையும் அதனால் கோட்டை விடச் செய்யாதீர்கள்.

தனிப்பயிற்சி மையங்களைப் பற்றியும் ஒரு சொல். தேர்வுக்கு முதல் வாரத்தில் 'கட்டாயம் வரும் கேள்விகள்' என்று ஒரு தொகுப்பை அச்சிட்டு விற்கின்றனர். இருபது அலகுகளில் எட்டை மட்டும் படித்துக்கொண்டு போகும் பிள்ளை, கட்டுரைப் பகுதியில் ஒருவேளை தப்பலாம். 40 புறவயக் கேள்விகள் எல்லா அலகுகளிலும் பரவி நிற்குமே, அங்கே என்ன செய்வான்? குறி சொல்வது கோயில் திருவிழாவில் அழகு. தேர்வுக்கு ஆகாது.

அடுத்து, நம்மவர்கள் நடுவே அடிக்கடி எழும் குறைக்கு வருகிறேன். 'அந்தப் பாடநூலில் நம் வரலாறு எங்கே இருக்கிறது? அதை ஏன் நம் பிள்ளை விரும்பிப் படிக்க வேண்டும்?' என்கின்றனர். குறை உண்மையே. 2010 அறிவிப்புக்குப் பின்னர் பாடநூல்களின் நடுநிலை குறித்துப் பலரும் பேசினர். வரலாற்றறிஞர் ரஞ்சித் சிங் மாலி தொடர்ந்து எழுதியும் பேசியும் வருகிறார். இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு, 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதனை வழிநடத்தியதற்காக நாடு கடத்தப்பட்ட ஆர்.எச்.நாதன், சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத நம் தோட்டத்து மக்கள் ஆகிய இவையெல்லாம் இன்னும் விரிவான இடம் பெற வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால், இந்தக் குறையைப் பிள்ளையின் காதில் நாள்தோறும் ஓதி, பாடத்தையே வெறுக்கச் செய்கிறோமே, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? பாடநூல் எழுதியவர் கொடுப்பதில்லை. பதினேழு வயதுப் பிள்ளை கொடுக்கிறான், சான்றிதழை இழந்து! வருங்காலத்தில் பாடநூற்குழுவில் அமர்ந்து 'இந்தச் செய்தியைச் சேருங்கள்' என்று சொல்லத் தகுதி பெறுபவர் யார்? வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர்தாமே? நம் பிள்ளைகள் வரலாற்றுத் துறைக்கே போகாவிட்டால் அந்த நாற்காலி இனியும் நமக்கு எட்டாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருக்கின்ற பாடநூலிலேயே நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இடங்கள் உள்ளன. 1946 மே 11-ஆம் நாள் ஜொகூர் பாருவில் அம்னோ தோன்றியதைப் படிக்கும் பிள்ளைக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியதை ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். 1947 அக்டோபர் 20-ஆம் நாள் நடந்த ஹர்த்தால் பற்றிப் படிக்கும்போது, அதை நடத்திய கூட்டணியில் ம.இ.கா.வும் இருந்தது என்று சொல்லலாம். ஜான்சி ராணிப் படையில் இருந்த சானகி ஆதி நாகப்பன், பின்னாளில் ம.இ.கா.வின் தொடக்ககால உறுப்பினராகவும் இருந்தார் என்று சொல்லலாம். இதற்குப் பாடநூல் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் பங்கு இங்கேதான் வருகிறது. 2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாக வந்துவிட்டது. அதற்கு முன்பு நாங்கள் கற்பித்தது 'காஜியான் தெம்பாத்தான்'. இப்போது நம் பிள்ளைகள் மலாக்காவையும் விடுதலையையும் மலேசிய உருவாக்கத்தையும் தமிழிலேயே படிக்கின்றனர். தாய்மொழியில் படிப்பதால் கதை நன்றாகப் பதிகிறது. பிறகு முதலாம் படிவத்தில் அதே வரலாறு மலாய்மொழியில் வருகிறது. 'அரசியலமைப்பு' என்று அறிந்தது 'பெர்லெம்பாகான்' என்று வருகிறது. 'கூட்டரசு' என்று அறிந்தது 'பெர்செகுத்துவான்'. 'அவசரகாலம்' என்று அறிந்தது 'டாருராட்'. பிள்ளை செய்தியை அறிவான், சொல்லை அறியமாட்டான். மூன்றாண்டு படித்த பாடம் தனக்குத் தெரியாத பாடம் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறான். பல 'ஜி' இங்கிருந்துதான் முளைக்கின்றன என்பது என் துணிபு.

இதற்காகத் தமிழில் கற்பிப்பதைக் கைவிடச் சொல்லும் அறிவாளிகளும் உள்ளனர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் புரியாதது மலாய்மொழியில் மட்டும் எப்படிப் புரிந்துவிடும்? நான் செய்வது இதுதான். ஆறாம் ஆண்டில், ஒவ்வோர் அலகின் முடிவிலும் பத்துச் சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் தனிப் புத்தகத்தில் எழுதிக்கொள்கின்றனர். கேள்விச் சொற்களையும் சேர்க்கிறேன்: 'நியாத்தாகான்' என்றால் கூறுக; 'ஜெலாஸ்கான்' என்றால் விளக்குக; 'ஹுராய்கான்' என்றால் விரித்துரைக்க. ஓர் ஆண்டில் நூறு சொற்களுக்குக் குறையாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு ஆறாம் ஆண்டில் நமக்குக் கிடைத்த நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாமே. இடைநிலைப்பள்ளிக்குப் போகையில் அந்தப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லும்படி சொல்லி அனுப்புகிறேன். தொலைத்துவிடுவோரும் உண்டு, என்ன செய்வது!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால், வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம்? சப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? சயாமுக்கு யாரைப் பிடித்துப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள்? அவசரகாலத்தில் வேலிக்குள் இருந்தீர்களா? இதைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதட்டும். அவர்கள் சொல்வதில் எதை அப்படியே நம்பலாம், எதைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் பிள்ளையையே கேளுங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. தாளில் ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்துக் கேட்பதும் இதே கேள்விதான். எழுதியதை நான்காம் படிவத்தின் மூன்றாம், ஆறாம் அலகுகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.